கடை விரித்தும் கொள்வாரில்லை – சின்ன வீடியோ கேம்களின் கதை

போன தடவை உப்புச் சத்தியாகிரகம், அதற்கு முந்தின தடவை வருமான வரி என்று எழுதி உங்களை ரொம்பவே சோதித்துவிட்டேன். அதனால் இந்த முறை வீடியோ கேம். ஆனால் வழக்கம் போல இதிலும் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் கணக்கும் உண்டு. தப்பிக்க முடியாது :-)

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. என் ஹாஸ்டல் ரூம்மேட் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். எட்டு மாசமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒரு கேம் செய்தான். அதில் நீங்கள் ஒரு டவுன் பஸ் கண்டக்டர். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் ஏறினவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்து, மீதிச் சில்லறையும் கொடுத்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். போன செமஸ்டர் லீவில் இலவசமாகவே நெட்டில் ஏற்றினான். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் மொத்தம் 43 டவுன்லோட். அதில் பாதிக்கு மேல் எங்கள் ஹாஸ்டல் பசங்க.

"டேய், நீ பி.காம் தானே? மார்க்கெட்டிங் எல்லாம் படிக்கிறே இல்ல? சும்மா குடுத்தாக்கூட ஏண்டா எவனும் எடுக்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டான்.

புத்தகத்தில் படித்ததை வைத்து யோசித்துப் பார்த்தேன். பொருள் இருக்கிறது. விலை பூஜ்யம். இடம், உலகம் முழுக்க. மிச்சம் இருப்பது விளம்பரம், அதற்கு அவனிடம் காசில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதே பிரச்சினை முன்னால் எத்தனையோ பேருக்கு வந்திருக்குமே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரிய கம்பெனி, பெரிய முதலீடு எதுவும் இல்லாமல் ஒருவர், இருவர், ஒரு சின்னக் குழு சேர்ந்து செய்கிறவற்றைத்தான் இண்டி கேம் என்கிறார்கள். அவை எப்படி ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

காப்பி அடித்துக் கொடுங்கள், ப்ளீஸ்!

1980களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டில் ஒரு சாஃப்ட்வேர் எழுதினால் அதை விற்பது பெரிய பாடு. பிளாப்பி வாங்க வேண்டும், அட்டைப்பெட்டி அச்சடிக்க வேண்டும், கடைக்காரர் அலமாரியில் இடம் தர வேண்டும். கடைக்காரருக்கோ அலமாரி கொஞ்சம்தான். பெரிய கம்பெனிப் பெட்டியை எடுத்துவிட்டு உங்களுடையதை வைக்க அவருக்கென்ன தலையெழுத்தா?

1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் என்ற இரண்டு பேர் வேறு வழி பார்த்தார்கள். "இதைத் தாராளமாகக் காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள். பிடித்திருந்தால் மட்டும் எனக்குப் பணம் அனுப்புங்கள்" என்றார்கள். இந்த முறைக்குப் பிறகு ஷேர்வேர் என்ற பெயர் நிலைத்தது. யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் திருட்டு சிடி என்று எதைச் சொல்கிறோமோ, அதையே அவர்கள் விற்பனை முறையாக மாற்றிவிட்டார்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் ஏஜெண்ட். கமிஷனும் கிடையாது.

கேம்களில் இதைச் சரியாகப் பிடித்தவர் ஸ்காட் மில்லர். முழு கேமையும் ஷேர்வேராகக் கொடுத்துப் பார்த்ததில் அவருக்குப் பெரிதாக வருமானம் இல்லை. பிடித்தால் பணம் அனுப்புங்கள் என்றால் எத்தனை பேர் அனுப்புவார்கள்? நானே அனுப்ப மாட்டேன். அதனால் 1987இல் 'கிங்டம் ஆஃப் க்ரோஸ்' என்ற கேமில் முதல் பாகத்தை மட்டும் இலவசமாக விட்டார். மற்ற பாகங்கள் வேண்டுமென்றால் தபாலில் பணம் அனுப்பி வாங்க வேண்டும். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி, 'தொடரும்' போட்டு நிறுத்துவது. அவருடைய அப்போஜி நிறுவனம் இந்த முறையில்தான் வளர்ந்தது.

1990 டிசம்பரில் அப்போஜி வெளியிட்ட 'கமாண்டர் கீன்' ஒரு சின்னக் குழு செய்தது. அவர்கள் பகலில் வேறு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் இதைச் செய்தார்கள். அடுத்த மாதமே அவர்கள் பங்குக்கு 10,000 டாலருக்கு மேல் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். அதே ஆட்கள்தான் 1993 டிசம்பர் 10ஆம் தேதி 'டூம்' கேமை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஏற்றினார்கள். கேமுக்காகக் காத்திருந்த கூட்டம் சர்வரை அடைத்துக்கொண்டதால், ஏற்ற வேண்டியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். முதல் நாள் முதல் ஷோவுக்கு தியேட்டர் ஆபரேட்டரே உள்ளே போக முடியாத கதை!

இதில் எனக்குப் பட்டது என்னவென்றால், பிளாப்பி தானாக நடந்து போகாது. ஒருத்தன் விளையாடிப் பார்த்து, பிடித்து, இன்னொருத்தனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தால்தான் அது நகரும். பிளாப்பி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதே ஒரு சிபாரிசு.

என் வயதுப் பையன் பெயரில் ஒரு பரிசு

பத்து வருஷம் கழித்து நிலைமை மாறியது. கேம்கள் சிடிக்கு மாறி, செலவு ஏறி, கடைகள் பெரிய கம்பெனிகள் கைக்குப் போயின. சின்ன ஆட்களையும் யாராவது தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று 1998இல் இண்டிபெண்டண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் என்ற போட்டியைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஐ.ஜி.எஃப். 1999 முதல் பரிசு கொடுக்கிறார்கள். சினிமாவுக்கு சண்டான்ஸ் விழா மாதிரி இதற்கு இது.

2000ஆம் வருடப் பெரிய பரிசு 'ட்ரெட் மார்க்ஸ்' என்ற டாங்கி கேமுக்குக் கிடைத்தது. அதைச் செய்தவர் ஷேமஸ் மக்னாலி. கனடாக்காரர். குடும்பமாகச் சேர்ந்து நடத்திய சின்ன நிறுவனம். அவருக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. மார்ச் மாதம் மேடையில் பரிசு வாங்கினார். அதே மார்ச் 21ஆம் தேதி இறந்துபோனார். வயது 21.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் அதே வயதுதான்.

அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பெரிய பரிசுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ஷேமஸ் மக்னாலி கிராண்ட் பிரைஸ். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

மொழி தெரியாத ஊருக்குப் போன கேம்கள்

ஜப்பானில் டைசுகே அமாயா என்று ஒருவர். 'பிக்சல்' என்பது புனைபெயர். கல்லூரிக் காலத்தில் தொடங்கி, கிடைத்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து, ஐந்து வருடம் தனி ஆளாக ஒரு கேம் செய்தார். கதை, படம், இசை, புரோகிராம் எல்லாம் அவரே. நம்ம டி.ராஜேந்தர் மாதிரி :-) 2004 டிசம்பர் 20ஆம் தேதி 'கேவ் ஸ்டோரி' என்ற அந்த கேமை இலவசமாக வெளியிட்டார்.

ஆனால் அது ஜப்பானிய மொழியில் இருந்தது. வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? ஏயான் ஜெனிசிஸ் என்ற தன்னார்வ மொழிபெயர்ப்புக் குழு ஒன்று சம்பளம் வாங்காமல் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தது. அதன் பிறகுதான் உலகம் அதைப் பார்த்தது. 2010இல் நிண்டெண்டோவின் வீ கருவிக்கு விலைக்கு விற்கிற பதிப்பே வந்தது.

இதே மாதிரி இன்னொரு கதை, வணிகவியல் படிக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. 'ரெசெட்டியர்'. 2007இல் ஜப்பானில் ஈஸி கேம் ஸ்டேஷன் என்ற சின்னக் குழு செய்தது. மற்ற கேம்களில் நீங்கள் கத்தி எடுத்துக்கொண்டு போகிற வீரன். அந்தக் கத்தியை அவனுக்கு விற்கிற கடைக்காரர் யார் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? இதில் நீங்கள்தான் கடைக்காரர். அப்பா கடன் வைத்துவிட்டுக் காணாமல் போகிறார். மொத்தக் கடன் 8,20,000 பிக்ஸ். சின்னப் பெண் வீட்டையே கடையாக மாற்றி வாரத் தவணை கட்ட வேண்டும். எந்தச் சரக்கை என்ன விலைக்குச் சொல்லலாம், எவ்வளவு இறங்கலாம் என்று பேரம் பேச வேண்டும். இரண்டு பேர் கொண்ட கார்பே ஃபல்கர் என்ற குழு இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2010 செப்டம்பரில் வெளியிட்டது. சில மாதங்களில் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மூன்று வருடம் அதே கேம் ஜப்பானில் இருந்தது. ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தாலும் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேருக்கு அது பிடித்துப்போனதால் ஒரு லட்சம் பேருக்குக் கிடைத்தது.

பிரவுசிங் சென்டரில் நாங்கள் விளையாடியது

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சின்ன வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போன ஞாபகம் இருக்கிறதா? பிரிண்ட் அவுட் எடுக்க என்று சொல்லிவிட்டு, மீதி இருபது நிமிஷம் ஃபிளாஷ் கேம் விளையாடுவோம். எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபிலும் சார் அந்தப் பக்கம் திரும்பினால் இதே வேலைதான்.

அந்த ஃபிளாஷ் கேம்களில் ஏராளமானவை ஒருவர் இருவர் செய்தவை என்று அப்போது தெரியாது. டாம் ஃபல்ப் நடத்திய நியூகிரவுண்ட்ஸ் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட்டால் முன்பக்கத்துக்கு வரும். 2008இல் அங்கே 'மீட் பாய்' என்று வந்த சின்ன கேம்தான் 2010இல் 'சூப்பர் மீட் பாய்' ஆகி விலைக்கு விற்றது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷை நிறுத்திவிட்டது. பிரவுசரில் அந்த கேம்கள் எல்லாம் ஒரே நாளில் வெறும் சாம்பல் பெட்டி. நல்லவேளை, ஃபிளாஷ்பாயிண்ட் என்ற பெயரில் சில பேர் 2018இலேயே சேகரிக்கத் தொடங்கியதால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை பிழைத்தன. அவர்கள் எடுத்து வைக்காதவை?

அதே காலத்தில் டிக்சோர்ஸ் என்ற தளம் இண்டி கேம் செய்கிறவர்களும் விளையாடுகிறவர்களும் கூடுகிற திண்ணையாக இருந்தது. 2009 மே மாதம் மார்கஸ் பெர்சன் என்ற ஸ்வீடன்காரர் தன் கேமின் முதல் வடிவத்தை அங்கே போட்டார். பெயர் 'மைன்கிராஃப்ட்'. 2014இல் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கிய விலை 250 கோடி டாலர்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி இதோ. கட்டம் கட்டமாக உலகத்தைத் தோண்டுகிற அந்த யோசனையை பெர்சன் 'இன்ஃபினிமைனர்' என்ற கேமில் பார்த்துத்தான் எடுத்தார். அவரே சொன்னது. அதைச் செய்தவர் ஸாக் பார்த். வந்த கொஞ்ச நாளிலேயே அதன் நிரல் வெளியே போய், ஆளாளுக்கு மாற்றி, ஒன்றுக்கொன்று சேராத வடிவங்களாகப் பெருகிவிட்டது. பார்த் அதைக் கைவிட்டு, மூல நிரலை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். மனிதர் உடைந்துவிடவில்லை, பிறகு 'ஸ்பேஸ்கெம்', 'ஓபஸ் மாக்னம்' என்று அருமையான புதிர் கேம்கள் செய்தார். ஆனாலும் உங்கள் வகுப்பில் பத்துப் பேரிடம் இன்ஃபினிமைனர் என்று சொல்லிப் பாருங்கள்.

அலமாரி பெரிதானது, அப்புறம்?

இப்போது கணக்கு. 2003இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற நெட் கடையைத் திறந்தது. முதலில் அவர்கள் சரக்கு மட்டும். 2005இல்தான் வெளியாள் செய்த முதல் கேம் அங்கே வந்தது. மார்க் ஹீலி செய்த 'ராக் டால் குங் ஃபூ'. அப்போதெல்லாம் ஸ்டீமில் இடம் கிடைத்தாலே பாதி வெற்றி. எதை வைக்கலாம் என்று கடைக்காரரே தேர்ந்தெடுத்தார். சின்ன ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

2012இல் கிரீன்லைட் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். விளையாடுகிறவர்கள் ஓட்டுப் போட்டால் உள்ளே விடுவார்கள். ஓட்டு என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஓட்டுப் போட்டால் கேம் இலவசம் என்று சில பேர் கிளம்பிவிட்டார்கள். 2017 ஜூனில் அதை மூடிவிட்டு ஸ்டீம் டைரக்ட் வந்தது. ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டு, நிபந்தனைகளுக்கு உட்பட்டால் வா, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் 2013இல் லீஃப் கார்கோரன் தொடங்கிய இட்ச் தளத்தில் அந்த 100 டாலர்கூட வேண்டாம். கடைக்கு எவ்வளவு பங்கு தருவது என்பதையும் விற்பவரே முடிவு செய்யலாம்.

நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய பூஜ்யம், அலமாரிக்கு எல்லையே இல்லை. பாடப்புத்தகப்படி இது சொர்க்கம். நடந்தது என்ன? 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 50. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் மட்டும் பார்ப்பதென்றாலும் ஒரு நாளைக்கு 50 மணி நேரம் வேண்டும். தூங்காமல் இருந்தாலும் நம்மிடம் இருப்பது 24.

அதாவது காப்பி எடுக்கும் செலவு குறைந்தது, அலமாரி வாடகை குறைந்தது, நுழைவுக் கட்டணம் குறைந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளையாடிப் பார்ப்பதன் செலவு மட்டும் 1982இல் இருந்த அதே ஒரு மணி நேரம்தான். என் ரூம்மேட் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலவசமாகக் கொடுத்தாலும் அது இலவசம் இல்லை. எடுப்பவர் தன் நேரத்தைத் தருகிறார். முன்பின் தெரியாத ஒன்றுக்கு யார் தருவார்கள்?

இந்தக் கடைகளும் சும்மா இல்லை. "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று இயந்திரம் வைத்துக் காட்டுகின்றன. ஆனால் அந்த இயந்திரம் பெரும்பாலும் மற்றவர்கள் வாங்கியதை, விளையாடியதை வைத்துத்தான் சொல்லும். யாருமே இன்னும் விளையாடாத கேமைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? முதல் நூறு பேரை மனிதர்கள்தான் கூட்டிவர வேண்டும்.

இரண்டு வருடம், பதினாறு வருடம்

2020 லாக்டவுனில் ஆன்லைன் வகுப்பை மியூட்டில் போட்டுவிட்டு 'அமாங் அஸ்' விளையாடாதவர்கள் கையைத் தூக்குங்கள். ஒருத்தரும் இல்லை! ஆனால் அந்த கேம் 2018 ஜூனிலேயே வந்துவிட்டது தெரியுமா? இன்னர்ஸ்லாத் என்ற மூன்று பேர் குழு. இரண்டு வருடம் சீந்துவாரில்லை. தென்கொரியா, பிரேசில், மெக்சிகோவில் நேரலையில் விளையாடிக் காட்டுகிறவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பிறகு 2020இல் அமெரிக்காவின் பெரிய ஆட்கள் எடுத்தார்கள். உலகமே விளையாடியது. அடுத்த பாகம் அறிவித்திருந்தவர்கள், அந்த செப்டம்பரில் அதை ரத்து செய்துவிட்டுப் பழையதையே சரிசெய்ய உட்கார்ந்தார்கள்.

2018க்கும் 2020க்கும் நடுவில் கேம் திடீரென்று நல்ல கேம் ஆகிவிடவில்லை. அந்த இரண்டு வருடமும் அது அதே கேம்தான்.

இன்னொன்று 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்'. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி செய்தது. டார்ன் கணிதத்தில் முனைவர். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். 2006 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார்கள். திரையில் படமே கிடையாது, வெறும் எழுத்துகளும் குறிகளும்தான். குள்ளர்கள் கூட்டம் ஒன்று மலையைக் குடைந்து கோட்டை கட்டும். ஒவ்வொரு குள்ளனுக்கும் குணம், ஞாபகம், கவலை எல்லாம் உண்டு. வருமானம்? ரசிகர்கள் அனுப்பும் நன்கொடை மட்டுமே.

இதைப் பிரபலமாக்கியது விளம்பரம் இல்லை, கதை. 2006-07இல் சில பேர் ஒரே கோட்டையை முறை வைத்து ஆடினார்கள். ஒருவர் கேமில் ஒரு வருடம் ஆடிவிட்டு அடுத்தவருக்குக் கோப்பை அனுப்புவார், நடந்ததைக் கதையாக எழுதுவார். 'போட்மர்டர்ட்' என்ற அந்தக் கோட்டையின் நாசமாய்ப்போன வரலாற்றைப் படித்துவிட்டு, கேமைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ரசிகர்கள் ஆனார்கள். 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகச் சேர்த்த 14 கேம்களில் இதுவும் ஒன்று. பாக்-மேன், டெட்ரிஸ் பக்கத்தில்!

அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தாலும் ஆஸ்பத்திரி பில் கட்ட அது உதவாது. ஸாக்குக்குத் தோல் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் வைத்தியச் செலவு எப்படி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த பயத்தில்தான் 2019இல், படங்கள் சேர்த்து ஸ்டீமில் விலைக்கு விற்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். படம் வரையக் கூப்பிட்டது யாரை? இத்தனை வருடம் சும்மாவே அந்த கேமுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த ரசிகர்களை. 2022 டிசம்பர் 6ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அவர்கள் கணக்கை அவர்களே வெளியிடுவார்கள். 2022 டிசம்பர் வருமானம் சுமார் 15,600 டாலர். 2023 ஜனவரி வருமானம் சுமார் 72 லட்சம் டாலர், வரிக்கு முன்னால். (டிசம்பர் விற்பனைப் பணம் ஜனவரியில்தான் கைக்கு வரும், அதனால்தான் இந்தத் தாவல். அக்கவுண்ட்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க!)

ஒரே மாதத்தில் அதிர்ஷ்டம் அடித்த மாதிரி தெரியும். ஆனால் அந்த மாதத்துக்குப் பின்னால் 16 வருடம் கதை சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் சொன்னவை எல்லாம் கடைசியில் ஜெயித்தவை. அதனால்தான் அவற்றின் வரலாறு கிடைக்கிறது. கண்டுபிடிக்கப்படாமலே போனவற்றைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. "நல்லதாக இருந்தால் தானாக மேலே வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே வந்ததை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்கிற கணக்கு அது.

வெண்பா

ஷேமஸ் மக்னாலி பரிசை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? 2024இல் அந்தப் பரிசை வாங்கியது எது தெரியுமா? 'வெண்பா'. ஆமாம், நம்ம வெண்பாதான்!

டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023 ஜூலை 31ஆம் தேதி வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. பல இடத்தில் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப்போன வரியை நீங்கள் யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி மேலே போகிற மாதிரி எப்படி அடுக்குவது என்பதெல்லாம் அதில் ஒரு புதிர். நம் வீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவார், நான் மூன்று தடவை தப்பாக அடுக்கினேன். மகன் வளர வளர, தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அதே 2024இல் பாஃப்டா விருதும் கிடைத்தது, சிறந்த அறிமுக கேம் என்று.

கனடாவில் 21 வயதில் போய்விட்ட ஒரு பையன் பெயரில் உள்ள பரிசு, 24 வருடம் கழித்து அதே கனடாவிலிருந்து வந்த ஒரு தமிழ் வீட்டுச் சமையலறைக்குக் கிடைத்தது. பரிசுகளே வெட்டி என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். உட்கார்ந்து விளையாடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க யாரோ இருந்தார்கள். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், என் அத்தை பெண் சொன்னாள். அவளுக்கு அவள் தோழி சொன்னாளாம்.

சரி, என்ன விளையாடலாம்?

இவ்வளவு எழுதிவிட்டு நான் சிபாரிசு செய்யாமல் போனால் நியாயமில்லை. பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறவை, நானே விளையாடியவை மட்டும்.

1. கேவ் ஸ்டோரி: 2004இன் இலவசப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம்.

2. பாசேஜ்: 2007இல் ஜேசன் ரோரர் செய்தது. இலவசம். ஐந்தே நிமிடம். ஒரு மனிதன் நடந்துகொண்டே போகிறான், வயதாகிறது. வழியில் ஒரு பெண்ணைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொண்டால் சில குறுகிய பாதைகளில் இருவராக நுழைய முடியாது. அவ்வளவுதான். முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன்.

3. யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்: 2017, ஃபிராங்க் லாண்ட்ஸ். பிரவுசரிலேயே ஆடலாம். பேப்பர் கிளிப் செய்து விற்க வேண்டும். விலையை ஏற்றினால் தேவை குறையும், இறக்கினால் கம்பி வாங்கக் காசிருக்காது. தேவை நெகிழ்ச்சி பாடத்தை எனக்குப் புரியவைத்தது இதுதான், சார் மன்னிக்கவும்.

4. ரெசெட்டியர்: விலைக்குத்தான். நான் தள்ளுபடியில் வாங்கினேன். பி.காம் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம்.

5. வெண்பா: முடிந்தால் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

நீங்களாகத் தேட வேண்டுமென்றால், ஐ.ஜி.எஃப். ஒவ்வொரு வருடமும் வெளியிடும் இறுதிச் சுற்றுப் பட்டியலைப் பாருங்கள். பரிசு வாங்கியதை விட்டுவிட்டு வாங்காததைப் பாருங்கள். ஒரு கேம் பிடித்தால் அதைச் செய்தவர் அதற்கு முன்னால் என்ன செய்தார் என்று தேடுங்கள். பெரும்பாலும் சின்னதாக, இலவசமாக ஏதாவது இருக்கும்.

கடைசியாக ஒரு குற்ற ஒப்புதல். என் ரூம்மேட்டின் 43 டவுன்லோடில் ஒன்று என்னுடையது. ஆனால் இதையெல்லாம் படித்து முடிக்கும் வரை நான் அவன் கேமில் முதல் ஸ்டாப்பைத் தாண்டியதே இல்லை. "சூப்பர்டா மச்சி" என்று சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். ஒரே ரூமில் இருக்கிற நானே ஒரு மணி நேரம் கொடுக்கவில்லை. அப்புறம் உலகத்தைக் குறை சொல்லி என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுசாக முடித்தேன். நல்லாத்தான் இருக்கிறது! எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அப்பா நிஜமாகவே கண்டக்டர். அவனிடம் கொடுத்தேன். அவர் ராத்திரி பத்து மணிக்கு ஆடிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "எல்லாம் சரி தம்பி, செக்கிங் இன்ஸ்பெக்டர் எங்கே? அவர் ஏற மாட்டாரா?"

ரூம்மேட் இப்போது செக்கிங் இன்ஸ்பெக்டரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அந்த அண்ணாச்சி டிப்போவில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறார் போல. நேற்றுப் பார்த்தபோது டவுன்லோட் 61.

நீங்களும் யாருக்கும் தெரியாத ஒரு கேமை இந்த வாரம் முழுசாக ஆடிப் பாருங்கள். பிடித்தால் ஒரே ஒரு ஆளிடம், ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள்.

டிஸ்கி: ஆடிட்டிங் இண்டர்னல் அடுத்த வாரம். இதை எழுதிய நேரத்தில் படித்திருக்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும் :-)